பஞ்சுக் கணக்கில் 'கண்டி' என்றே எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டில் உங்கள் நாளிதழ் வாங்க ஆரம்பித்து நாற்பது வருடம் ஆகப்போகிறது. இத்தனை வருடத்தில் ஆசிரியருக்கு என்று நான் ஒரு வரி எழுதியதில்லை. இப்போது எழுத உட்கார்ந்தது ஒரு சொல்லுக்காக.

இரண்டு மாதம் முன்பு எனக்குக் கண்புரை எடுத்தார்கள். கொஞ்ச நாளைக்குக் கண்ணுக்கு வேலை கொடுக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டதால், லீவுக்கு வந்திருந்த பேத்திதான் காலையில் பேப்பரைப் படித்துக் காட்டினாள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். வணிகப் பக்கம் வந்ததும் பஞ்சு விலையைப் படிக்கச் சொன்னேன். வேலையை விட்டு இவ்வளவு வருடம் ஆகியும் அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. "ஒரு கேண்டி பஞ்சு 56 ஆயிரம் ரூபாய்" என்று படித்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். "தாத்தா, கேண்டின்னா மிட்டாய்தானே? எங்க டீச்சர் அப்படித்தான் சொன்னாங்க" என்றாள்.

டீச்சர் சொன்னதும் சரிதான், பேப்பரில் இருப்பது பஞ்சுக்கான 'கண்டி' என்ற எடை அளவு, அது வேறு என்று விளக்கிச் சொன்னேன். அடுத்த வாரம் அதே பக்கத்தில் இன்னொரு செய்தி. ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தது போலத் தெரிந்தது. "பஞ்சு மிட்டாய் விலை உயர்வால் நூற்பாலைகள் கவலை" என்றே தலைப்பு. பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரிசல் காட்டில் பருத்தி போட்டவன், நூற்பாலையில் வேலை பார்ப்பவன், திருப்பூரில் பனியன் தைப்பவன் எல்லாருடைய பிழைப்பும் அந்த விலையில் இருக்கிறது. அதைக் குழந்தைகள் திருவிழாவில் வாங்கித் தின்னும் பண்டமாக அச்சில் பார்த்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் 1978-ல் பஞ்சு டிபார்ட்மெண்டில் எழுத்தராகச் சேர்ந்தேன். 2015-ல் ஓய்வு பெற்றேன். முப்பத்தேழு வருடமும் அதே டிபார்ட்மெண்ட், அதே குடோன் வாசல். சேர்ந்த முதல் நாள் தலைமைக் கணக்கர் என் முன்னால் ஒரு பேரேட்டைப் பிரித்து வைத்தார். நீளமான, துணி அட்டை போட்ட பேரேடு. அதில் சிவப்பு மையில் கோடு போட்டுப் பத்தி பிரித்திருந்தது. தேதி, லாரி எண், ரகம், பேல் (அழுத்திக் கட்டிய பஞ்சுப் பொதி), கிலோ, அதற்கப்புறம் 'கண்டி'. "தம்பி, விலை பேசுறதெல்லாம் கண்டியிலதான். லாரியில வர்றது பேல். நீ நிறுத்து எழுதுறது கிலோ. மூணையும் தலையில வச்சுக்கோ" என்றார். அவர் 'கேண்டி' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அவருக்கு முன்னால் இருந்தவர்களும் சொன்னதில்லை என்பதற்கு அந்தப் பழைய பேரேடுகளே சாட்சி. குஜராத், பம்பாய் தரகர்கள் டிரங்க் கால் போட்டு 'காண்டி' என்பார்கள். நாங்கள் 'கண்டி' என்று எழுதிக்கொள்வோம். அவர்கள் ஊர் உச்சரிப்பு அது, நம் ஊர் உச்சரிப்பு இது, சொல் ஒன்றுதான். கம்ப்யூட்டர் வந்து, ரசீது எல்லாம் ஆங்கிலத்தில் வர ஆரம்பித்தபோதுதான் புதிதாக வந்த பையன்கள் ஆங்கில எழுத்தைப் பார்த்துக் 'கேண்டி' என்று வாசிக்க ஆரம்பித்தார்கள். பேப்பர்களும் அதையே பிடித்துக்கொண்டன.

கண்டி என்பது எவ்வளவு? இதில்தான் பலருக்குக் குழப்பம். பழைய சென்னை மாகாணத்துக் கணக்கில் 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு, 20 மணங்கு ஒரு கண்டி. பாரம் என்றும் சொல்வார்கள். ஒரு மணங்கு 25 பவுண்டு, ஆக ஒரு கண்டி 500 பவுண்டு. இன்றைய கணக்கில் சுமார் 227 கிலோ. பம்பாயில் மணங்கு 28 பவுண்டு. பொதுச் சரக்குக்கு 20 மணங்கு கண்டி, அதாவது 560 பவுண்டு. பஞ்சுக்கு மட்டும் 28 மணங்கு கண்டி. 28-ஐ 28-ஆல் பெருக்கிப் பாருங்கள், 784 பவுண்டு. அதைக் கிலோவாக்கினால் 355.62. இன்றைக்கு உங்கள் பேப்பரில் வரும் பஞ்சு விலை எல்லாம் இந்தப் பம்பாய்க் கண்டிக்குத்தான். பஞ்சு வியாபாரம் பம்பாயை மையமாக வைத்து வளர்ந்ததால் அந்த அளவே நாடு முழுக்க நின்றுவிட்டது. 1956-ல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்து வீசையும் மணங்கும் கடைத்தெருவை விட்டுப் போன பிறகும், பஞ்சில் கண்டி போகவில்லை. இலங்கையிலும் தேங்காய்க் கொப்பரையைக் கண்டிக் கணக்கில்தான் விற்றார்கள். அங்கே 560 பவுண்டு.

எங்கள் வேலையில் 170 கிலோ ஒரு பேல். நூறு பேல் ஒரு லாட். அப்படி ஒரு லாட் வந்து இறங்கினால் 17,000 கிலோ, அதாவது 47.8 கண்டி. இந்த 47.8 என்கிற எண் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எனக்கு வரும்.

பஞ்சை எடைபோட்டு எழுதுவது மட்டும் எங்கள் வேலை இல்லை. லாட் வந்ததும் பத்துப் பேலுக்கு ஒரு பேலில் கத்தியால் சாக்கைக் கீறி, உள்ளே கைவிட்டு ஒரு பிடி பஞ்சு எடுப்போம். மேலே இருப்பதை எடுக்கக் கூடாது. மேல் பஞ்சு நல்லதாக இருக்கும், உள்ளே குப்பை இருக்கும். எடுத்த பஞ்சை இரண்டு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து இழுத்து, இழுத்ததை மேலே மேலே அடுக்கி, மறுபடி இழுத்து, கடைசியில் விரல் நுனியில் இழைகள் சீப்புப் பல் மாதிரி வரிசையாக நிற்கும். அதைக் கறுப்புத் துணி மேல் வைத்து அளப்போம். சங்கர்-6 ரகம் என்றால் இவ்வளவு நீளம் வரவேண்டும், எம்.சி.யு-5 என்றால் இவ்வளவு என்று கைக்கே தெரியும். இப்போது எல்லாவற்றுக்கும் மிஷின் இருக்கிறது. இருந்தாலும் அனுபவப்பட்ட கிளாசிஃபையர், அதாவது பஞ்சைத் தரம் பிரிப்பவர், இன்றைக்கும் ஒரு பிடி எடுத்து இழுத்துப் பார்க்காமல் இருக்கமாட்டார்.

சரி, கேண்டி என்று எழுதினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். நடந்ததைச் சொல்கிறேன்.

என் மனைவியின் தம்பி சங்கரன்கோவில் பக்கம் மானாவாரியில் நாலு ஏக்கர் பருத்தி போடுகிறவர். 2022 சித்திரைக் கடைசியில் கடைசிப் பறிப்புப் பருத்தியைக் குவிண்டால் 11,500 ரூபாய்க்குக் கொடுத்தார். அவர் வாழ்நாளில் அப்படி ஒரு விலை கிடைத்ததில்லை. வீட்டுக்குப் போன் போட்டுச் சந்தோஷமாகச் சொன்னார். நாலைந்து நாளில் மறுபடி போன். குரலே மாறியிருந்தது. "அத்தான், என்னைய ஏமாத்திப்புட்டான். பேப்பர்ல ஒரு லட்சம்னு போட்டிருக்கு, எனக்குப் பதினொண்ணாயிரத்து ஐந்நூறு குடுத்திருக்கான்" என்றார்.

அந்த மே மாதம் பஞ்சு விலை கண்டி ஒரு லட்சத்தைத் தாண்டியது உண்மை. நான் வேலையில் இருந்த காலத்தில் அதில் பாதி விலைக்கே முதலாளிமார் தலையில் கை வைப்பார்கள். எல்லாப் பேப்பரிலும் பெரிய எழுத்தில் 'ஒரு கேண்டி ரூ.1 லட்சம்' என்று வந்தது. கேண்டி என்றால் எத்தனை கிலோ என்று அவர் படித்த பேப்பரில் இல்லை. குவிண்டால் மாதிரி ஏதோ ஓர் அளவு என்று அவர் நினைத்துவிட்டார். எனக்குப் போன் போடும் முன்பே வியாபாரி வீட்டு வாசலில் போய் நின்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு வந்திருக்கிறார். இருபது வருடமாகப் பருத்தி எடுக்கிற மனுஷன். விதைக்கும் மருந்துக்கும் முன்பணம் கொடுத்து உதவியவர்.

மறுநாள் பஸ் ஏறிப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். "மாப்ளே, நீ வித்தது பருத்தி. பேப்பர்ல போட்டிருக்கிறது பஞ்சு. ரெண்டும் வேற" என்று அங்கிருந்து ஆரம்பித்தேன். நூறு கிலோ பருத்தியை ஜின்னிங்கில் கொட்டை நீக்கினால் பஞ்சு 34 கிலோ கிடைக்கும். ஒரு கண்டி, அதாவது 355.62 கிலோ பஞ்சு வேண்டும் என்றால் 1,046 கிலோ பருத்தி வேண்டும். பத்தரைக் குவிண்டால் என்று வைத்துக்கொள்ளலாம். அதைக் குவிண்டால் 11,500 வீதம் வாங்கினால் வியாபாரிக்கு அடக்கம் 1,20,000 ரூபாய். சேதாரம் போகப் பருத்திக்கொட்டை 675 கிலோ தேறும். கிலோ 35 ரூபாய் என்று வைத்தால் 23,600 திரும்பி வரும். மிச்சம் சுமார் 96,500. அதில் ஜின்னிங் கூலி, பேல் போடும் கூலி, லாரி வாடகை, தரகு எல்லாம் ஏற்றிப் பார்த்தால் லட்சத்தை ஒட்டித்தான் வந்து நிற்கும்.

அவர் அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வரியாக விரலை வைத்து மறுபடி கூட்டிப் பார்த்தார். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு, "வாங்க அத்தான், அவன் வீட்டுக்குப் போயிட்டு வருவோம்" என்றார். போனோம். வியாபாரி காபி கொடுத்தார், பேசினார். ஆனால் அடுத்த வருடம் முன்பணம் கொடுக்கவில்லை.

இதற்குப் பேப்பர் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அன்றைக்கு அந்தச் செய்தியில் 'ஒரு கண்டி பஞ்சு, அதாவது 356 கிலோ' என்று மூன்று சொல் கூட இருந்திருந்தால் அவருக்கே புரிந்திருக்கும். எட்டாவது வரை படித்தவர், கணக்கில் கெட்டிக்காரர். அவருடைய அப்பா காலத்தில் அதே வீட்டில் மணங்கு, கண்டி என்று பேசியிருக்கிறார்கள். 'கண்டி' என்று படித்திருந்தால் 'இது பெரிய அளவாச்சே' என்று ஒரு நிமிடம் யோசித்திருப்பார். 'கேண்டி' என்றதும் அது அவருக்கு இங்கிலீஷ் சொல்லாகிவிட்டது.

இதில் எனக்குள்ள வருத்தமே, அது இங்கிலீஷ் சொல்லே இல்லை என்பதுதான். வெள்ளைக்காரன் நம்மிடம் எடுத்துக்கொண்டு போனதை நாம் அவன் வாயால் திரும்பச் சொல்கிறோம். 16-ஆம் நூற்றாண்டிலேயே போர்ச்சுகீசிய வணிகர்கள் இந்த அளவைத் தங்கள் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். அப்புறம் ஆங்கிலேயர். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னெல் என்பவரும் யூல் என்பவரும் சேர்ந்து தொகுத்து 1886-ல் வெளிவந்த ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியில் 'கேண்டி' என்பதற்கு மூன்று தனித்தனிப் பதிவுகள் இருக்கின்றன. ஒன்று இலங்கையில் உள்ள ஊர். ஒன்று தென்னிந்திய எடை, சுமார் 500 பவுண்டு. இன்னொன்று சர்க்கரை. எடைக்கான பதிவில், தமிழிலும் மலையாளத்திலும் 'கண்டி' என்று தெளிவாகக் குறித்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இருந்த அந்த நிதானம் நமக்கு வேண்டாமா?

அந்த மூன்றில் சர்க்கரையின் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பேத்தி கேட்ட கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. சமஸ்கிருதத்தில் 'கண்டம்' என்றால் துண்டு. கரும்புச் சாற்றைக் காய்ச்சி, உறையவைத்து, கட்டியாக எடுத்த சர்க்கரைக்கும் அதே பெயர். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் வெல்ல வகைகளைச் சொல்லும் இடத்தில் இந்தப் பெயர் வருகிறது. அது பாரசீகத்துக்குப் போய் 'கந்த்' ஆனது. அரபியில் 'கந்தி' ஆனது. அங்கிருந்து பிரெஞ்சு, அப்புறம் ஆங்கிலம். ஆங்கிலத்தில் முதலில் 'சுகர் கேண்டி' என்று சேர்த்துத்தான் சொன்னார்கள். அதற்கு அர்த்தம் கற்கண்டு, வேறொன்றும் இல்லை. போகப்போக 'சுகர்' உதிர்ந்து 'கேண்டி' மட்டும் நின்றது. அமெரிக்காவில் சாக்லேட் உட்பட எல்லா மிட்டாய்க்கும் அதுவே பெயராகிவிட்டது. இங்கிலாந்தில் இன்றும் மிட்டாயை 'ஸ்வீட்ஸ்' என்கிறார்கள், ஆஸ்திரேலியாவில் 'லாலி' என்கிறார்கள். பழத்தோலையோ இஞ்சியையோ சர்க்கரைப் பாகில் ஊறவைத்து உலர்த்துவதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான் வினைச்சொல்லாக வருகிறது.

சர்க்கரைக்குக் 'கண்டு' என்ற அந்தப் பெயர் நம்மை விட்டு எங்கும் போகவில்லை. கல் போன்ற கண்டு கற்கண்டு. கல்யாண வரவேற்பில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் தட்டு நிறைய இருக்கிறது. கோவிலில் கற்கண்டு சாதம் கொடுக்கிறார்கள். தொண்டை கட்டினால் பனங்கற்கண்டும் மிளகும் போட்டுப் பால் குடிக்கிறோம்.

என் அம்மா பிறந்த ஊர் திசையன்விளைப் பக்கம். பனங்காட்டு ஊர். கோடை லீவில் அங்கே போனால் தாத்தா வீட்டுக்குப் பின்னால் பதநீர் காய்ச்சும் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். கருப்பட்டிக்குக் காய்ச்சும் பதம் வேறு, கற்கண்டுக்கு வேறு. கற்கண்டுக்கான பாகை அதற்கு முன்னால் இறக்கிவிடுவார்கள். பெரிய மண்பானைக்குள் குறுக்கே குச்சி வைத்து, அதிலிருந்து நூல் தொங்கவிட்டு, பாகை ஊற்றி, வாயை மூடி, ஆடாமல் அசையாமல் ஓர் ஓரத்தில் வைத்துவிடுவார்கள். பிள்ளைகள் அந்தப் பக்கமே போகக் கூடாது. நாற்பது நாளுக்கு மேல் ஆகும். திறந்து, உறையாத பாகை வடித்துவிட்டு நூலைத் தூக்கினால், அதில் காய்த்துத் தொங்குகிற மாதிரி பழுப்பு நிறத்தில் கட்டி கட்டியாகக் கற்கண்டு. வெயிலில் காட்டினால் உள்ளே வெளிச்சம் நிற்கும். பாட்டி சுத்தியலால் தட்டி ஒரு துண்டு கொடுப்பாள். வாயில் போட்டு எல்லாம் கரைந்த பிறகு நடுவில் இருந்த நூல் மட்டும் நாக்கில் மிஞ்சும். அதைத் துப்பக் கூட மனசில்லாமல் சப்பிக்கொண்டே இருப்போம். பஞ்சாலை வேலைக்கு நான் போனது அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து. அந்த நூலும் ஏதோ ஓர் ஆலையில் கண்டிக் கணக்கில் வாங்கின பஞ்சிலிருந்து வந்ததுதானே என்று பிற்பாடு பலதடவை நினைத்திருக்கிறேன்.

நூல் உருண்டைக்கும் நாம் 'நூல்கண்டு' என்றுதான் சொல்கிறோம். ஒலி ஒன்று என்பதற்காக வேரும் ஒன்று என்று முடிவு கட்டக் கூடாது, அதை மொழியறிஞர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் தையல்கடைக்காரர், கற்கண்டு விற்பவர், பஞ்சுக் கணக்கர் மூவரும் இந்த ஒலியை வைத்துக் குழப்பமில்லாமல் இத்தனை காலம் பிழைத்திருக்கிறோம்.

உங்கள் சமையல் பக்கத்தையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள். 'ஜிஞ்சர் கேண்டி' என்று ஒரு குறிப்பு வந்தது. செய்முறையைப் படித்தால் நம் இஞ்சி மொரப்பா. 'ஐஸ் கேண்டி' என்று இருந்தது குச்சி ஐஸ். எங்கள் பக்கத்துக் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020-ல் புவிசார் குறியீடு வாங்கியபோது 'கடலை மிட்டாய்' என்ற பெயரிலேயேதான் வாங்கியது. மிட்டாய் என்பது வடக்கிலிருந்து வந்த சொல்தான். இருந்தாலும் நம் வாயில் பழகி நம்முடையதாகிவிட்டது. கமர்கட், தேன்மிட்டாய், ஜவ்வுமிட்டாய், ஆரஞ்சு மிட்டாய் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்க, எல்லாவற்றையும் 'கேண்டி' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால் எது எது என்று எப்படித் தெரியும்?

பஞ்சு மிட்டாயையும் சொல்ல வேண்டும், அந்தத் தலைப்பில் வந்து மாட்டியது அதுதான். ஆங்கிலத்தில் அமெரிக்கர்கள் அதைக் 'காட்டன் கேண்டி' என்கிறார்கள். பஞ்சு வியாபாரக் கட்டுரையிலும் அதே இரண்டு சொல் பக்கத்தில் பக்கத்தில் வருவதால் மொழிபெயர்த்தவர் தடுமாறியிருப்பார். அந்த இயந்திரத்தை 1897-ல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் ஒரு பல் மருத்துவரும் ஒரு மிட்டாய்க்காரரும் சேர்ந்து உருவாக்கினார்கள். 1904-ல் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் விற்றார்கள். உருகிய சர்க்கரை, சுழலும் கிண்ணத்தின் சிறு துளைகள் வழியே வெளியே தெறித்து, காற்றில் இழையாகிவிடும். சர்க்கரையை நூற்பது என்றே சொல்லலாம். 'பஞ்சு மிட்டாய்' என்று நம் ஆட்கள் வைத்த பெயர் எவ்வளவு பொருத்தம் பாருங்கள். 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியிலும் பிறகு தமிழ்நாட்டிலும் அதன் விற்பனையைத் தடை செய்தார்கள். அதில் ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருந்தது தெரியவந்தது. அது துணிக்குப் போடுகிற சாயம். நூலுக்குப் போக வேண்டியது பிள்ளைகள் வாய்க்குள் போயிருக்கிறது. அந்தச் செய்தியை உங்கள் நாளிதழ் எந்தக் குழப்பமும் இல்லாமல், சாயத்தின் பெயரோடு, ஆபத்தோடு தெளிவாகப் போட்டது. மக்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்து எழுதினால் உங்களால் எவ்வளவு நன்றாக முடிகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

கடைசியாக அந்த ஊர். போன மாத ஞாயிறு மலரில் இலங்கைச் சுற்றுலாக் கட்டுரை. 'கேண்டி நகரில் புத்தரின் பல் வைத்துள்ள ஆலயம்' என்று இருந்தது. அது கண்டி ஐயா. சிங்களத்தில் மலைநாட்டைக் குறித்த 'கந்த உட ரட்ட' என்ற பெயரிலிருந்து வந்தது. சர்க்கரைக்கும் எடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் தமிழ்நாட்டில் அந்தப் பெயருக்கு இருக்கிற ஆழம் வேறு. கடைசிக் கண்டி ராஜா 1815-ல் பிடிபட்டு, வேலூர்க் கோட்டையில் சிறை இருந்து, 1832-ல் அங்கேயே இறந்தார். அவர் சமாதி வேலூரில் இருக்கிறது. எங்கள் பக்கத்திலிருந்து பஞ்சகாலத்தில் தோட்ட வேலைக்குப் போனவர்களைக் 'கண்டிச் சீமைக்குப் போனவுக' என்றுதான் கிழவிகள் சொல்வார்கள். என் அப்பாவின் தாத்தாவோடு பிறந்த ஒருவர் அப்படிப் போய்த் திரும்பவே இல்லை. எங்கள் வீட்டில் அந்தப் பெயர் வந்தாலே பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். 'கேண்டி' என்று படிக்கும்போது அந்த ஞாபகமெல்லாம் எங்கே போய் ஒட்டும்?

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. பஞ்சு விலைச் செய்தியில் 'கேண்டி' என்பதை எடுத்துவிட்டுக் 'கண்டி' என்று போடுங்கள். முதல் தடவை வரும் இடத்தில் '356 கிலோ' என்று அடைப்புக்குறிக்குள் சேருங்கள். இடம் இருந்தால் கிலோ என்ன விலை என்றும் ஒரு எண் போடுங்கள். 56,000 என்றால் கிலோ 157 ரூபாய் சொச்சம் என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். அப்புறம் பருத்தி வேறு, பஞ்சு வேறு. கொட்டையோடு இருப்பது பருத்தி, கொட்டை நீக்கியது பஞ்சு. விவசாயிக்குக் கிடைப்பது பருத்தி விலை, ஆலை கொடுப்பது பஞ்சு விலை. இரண்டையும் ஒரே செய்தியில் மாற்றி மாற்றி எழுதாதீர்கள். மொழிபெயர்ப்பு மேசையில் இருப்பவர்களிடம் இந்த நாலு வரியை எழுதி ஒட்டச் சொன்னால் போதும். வேறு எந்தச் செய்தியையும் சுருக்குங்கள், இதில் அந்தக் கிலோக் கணக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இந்தக் கடிதத்தோடு எங்கள் பழைய பேரேட்டின் ஒரு பக்கத்தை நகல் எடுத்து வைத்திருக்கிறேன். ஆலையை விட்டு வரும்போது, தேவையில்லை என்று கழித்துப் போட்டதிலிருந்து கேட்டு வாங்கி வந்தது. 1979 தை மாதப் பக்கம். ஆறாவது பத்தியின் தலைப்பில் சிவப்பு மையில் 'கண்டி' என்று இருப்பது தலைமைக் கணக்கரின் கையெழுத்து. கீழே நீல மையில் 47.8 என்று எழுதியது நான்.

இப்படிக்கு,
பஞ்சு டிபார்ட்மெண்டில் 37 ஆண்டுகள் கணக்கு எழுதிய ஒரு வாசகர்,
ராஜபாளையம்.